யார்க்ஷயர் டெரியருடன் ஒன்பது ஆண்டுகள்: முடியைவிடப் பல்லே பெரிய வேலை

மூன்று கிலோகூட எடையில்லாத எங்கள் பொம்மி, இரண்டரை மாதக் குட்டியாக வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. யார்க்ஷயர் டெரியர் என்ற இந்தச் சிறு நாயினத்தை வளர்க்க விரும்புவோர் அதன் பட்டுப் போன்ற நீண்ட முடியைப் பற்றியே என்னிடம் விசாரிக்கின்றனர். பல்லையும் தொண்டையையும் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எங்களைத் திணறடித்தவை அவைதாம்.

அடிரோமம் (மேல்முடிக்கு அடியில் இருக்கும் மென்மயிர்) இல்லாத அந்த முடி, நம் தலைமுடியைப் போலவே வளர்ந்துகொண்டே இருக்கும். மிகக் குறைவாகவே உதிரும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிடுக்கு விழும் என்பதால், இரண்டாம் ஆண்டிலேயே குட்டையாக வெட்டிவிட்டோம். அதன்பின் நாள்தோறும் ஐந்து நிமிடம் சீவினால் போதுமானதாயிற்று.

பல்லின் கதை வேறு. பெரிய நாய்க்கு உள்ள அதே 42 பற்கள் இந்தச் சின்னஞ்சிறு தாடையிலும் நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கின்றன. பால் பற்கள் விழாமல் தங்கிவிடுவதும் இந்த இனத்தில் அடிக்கடி நிகழ்கிறது. பொம்மிக்கும் பால் கோரைப்பல் விழாமலே அதன் அருகில் புதிய கோரைப்பல் முளைத்தது. இடையில் உணவு தங்கிப் பற்காரை படிந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நான்காம் வயதில் வாய் நாற்றம் தாங்க முடியாமல் மருத்துவரிடம் கொண்டுசென்றபோது, மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்து ஐந்து பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஆறேழு மாத வயதில் வாயைத் திறந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அன்றுமுதல் நாய்களுக்கான பற்பசையால் தினமும் துலக்கிவிடுகிறோம். மனிதர்களுக்கான பற்பசைகள் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்களுக்கு நஞ்சு என்பதால், அவசரத்துக்குக்கூட அதைத் தொடக்கூடாது.

கழுத்துப்பட்டையை ஆறாம் ஆண்டில் கைவிட்டோம். உற்சாகத்தில் வாரை இழுக்கும்போதெல்லாம் வாத்து கத்துவதைப் போன்ற வறட்டு இருமல் வந்தது. மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து தட்டையாவது சிறு இனங்களுக்கு, குறிப்பாக யார்க்ஷயர் டெரியர்களுக்கு, உள்ள குறை என்று மருத்துவர் விளக்கினார். மார்புப்பட்டைக்கு மாறி, உடல் எடையையும் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டதில் இருமல் வெகுவாகக் குறைந்தது. தொடக்கத்திலேயே மார்புப்பட்டை வாங்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

குணத்தைப் பொறுத்தவரை, இதை மடியில் கிடக்கும் பொம்மை என்று எண்ணுவது தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வட இங்கிலாந்தின் துணியாலைகளில் எலி பிடித்த நாய்களின் வழிவந்த இனம் இது. அதன் மூதாதையாகப் போற்றப்படும் ஹட்டர்ஸ்ஃபீல்டு பென் (1865–1871) எலி பிடிக்கும் போட்டிகளிலும் வென்ற நாய்தான். பொம்மியும் தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நாயை நோக்கித் தயங்காமல் பாய்வாள். ஆகவே திறந்த வெளியில் அவளை வாரில்லாமல் விடுவதே இல்லை. வாசலில் சிறு அரவம் கேட்டாலும் குரைப்பாள். குரைப்பை நிறுத்தியதும் தின்பண்டம் கொடுத்துப் பழக்கியது ஓரளவு பயன் தந்தது. அதட்டியது ஒருபோதும் பயன் தரவில்லை.

முழங்கால் சில்லு நழுவும் குறையும் இந்த இனத்தில் காணப்படுவதால், சோபாவிலிருந்து குதிக்காதிருக்கச் சிறு படி வைத்திருக்கிறோம். தவழும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த நாயை நான் பரிந்துரைக்க மாட்டேன். கை தவறிக் கீழே விழுந்தாலே இதன் மெல்லிய கால் எலும்பு முறியக்கூடும்.