அளந்த கணக்கு யார் பீரோவில்?

இந்த முறை ஊருக்குப் போனதே பெரும்பாலும் நில வேலையாகத்தான். டெல்டா பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. கிழக்கு வரப்பில் பக்கத்து நிலத்துக்காரரோடு நெடுநாள் தகராறு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாம் அரசின் இ-சேவை தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஓடிபி என் வெளிநாட்டு எண்ணுக்கு வராததால் சித்தப்பாவின் போனை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். நிலத்தை அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டக் கேட்கும் விண்ணப்பமும் ஆன்லைனிலேயே முடிந்தது. சர்வேயர் வரும் தேதிதான் தள்ளிக்கொண்டே போனது. லீவு தீர்ந்துவிடுமோ என்றிருந்தது.

வந்தவர் பொறுமையான ஆள். சேற்றில் புதைந்து கிடந்த சர்வே கல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளந்துகொண்டு வந்தார். வரப்பு எங்கள் பக்கம் ஏறியிருப்பதாகச் சொன்னார். உடனே பக்கத்து நிலத்துக்காரர் தன் வீட்டுக்குப் போய் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். சில வருஷங்களுக்கு முன் தனியார் ஒருவரை வைத்து அளந்த ஸ்கெட்ச். அதன்படி வரப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது! எந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள்? தாளில் இல்லை. அப்படி ஒரு அளவை நடந்ததே சர்வேயருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி அரசு அளந்தது பதிவேட்டில் இருக்கிறது. உட்பிரிவு செய்தால் அதுவும் ஏறுகிறது. ஒருவர் தன் செலவில் ஆள் வைத்து அளந்தால் மட்டும் அந்தக் கணக்கு அவர் பீரோவோடு சரி. அவருக்குச் சாதகமாக இருந்தால் வெளியே வரும், பாதகமாக இருந்தால் வராது.

நான் இருக்கும் கலிஃபோர்னியாவில், உரிமம் பெற்ற சர்வேயர் அளந்தது பழைய பதிவோடு கணிசமாக முரண்பட்டால், 90 நாளுக்குள் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சர்வேயரிடம் வரைபடம் தாக்கல் செய்ய வேண்டும். வேலை கொடுத்தவருக்குப் பிடிக்கிறதா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. எல்லா அளவைக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. பதிவானதை யாரும் எடுத்துப் பார்க்கலாம். நம் ஊரிலும் தனியார் அளவை இப்படிப் பதிவாக வேண்டும் என்பது என் எண்ணம்.

இதைச் சொன்னதும் சித்தப்பா, "நம்ம காசு குடுத்து அளந்ததை ஊருக்கெல்லாம் ஏன்ப்பா காட்டணும்?" என்றார். வரப்புக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கிறதே, சித்தப்பா! அந்தரங்கம் என்று பார்த்தாலும், பெயரும் பரப்பும் ஏற்கெனவே பட்டாவில் எல்லாருக்கும் தெரியும்படிதான் இருக்கின்றன.

எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. டேப்பும் போன் ஜிபிஎஸ்ஸும் வைத்திருப்பவர் எல்லாம் வரைந்து தாக்கல் செய்தால் பதிவேடு குப்பையாகிவிடும். கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கும் உரிமதாரர் அளந்ததை மட்டும்தான் ஏற்க வேண்டும். பதிவானதாலேயே யாருடைய உரிமையும் மாறாது என்றும் சட்டத்தில் எழுதிவிட வேண்டும். அடுத்து அளக்க வருபவருக்கு அது ஒரு சான்று, அவ்வளவே. கர்நாடகத்தில் விவசாய நிலத்தின் ஒரு சர்வே எண்ணில் பாதியை விற்பதென்றால், முதலில் விற்கும் பகுதியை அளந்து காட்டும் 11-இ ஸ்கெட்ச் வாங்கினால்தான் பத்திரம் பதியும். ஆக, இது நம் பக்கத்தில் நடக்கவே முடியாத காரியம் இல்லை.

பக்கத்து நிலத்துக்காரர் மறு அளவை கேட்டிருக்கிறார். அவருடைய ஸ்கெட்சைக் கேட்டு வாங்கி நகல் எடுத்து, எங்கள் மனுவோடு நானே இணைத்துவிட்டு வந்தேன். அடுத்து வரும் சர்வேயர் ரெண்டையும் பார்த்துவிட்டு அளக்கட்டும்.