தாடை வலிக்கு ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டு

பாளையங்கோட்டையிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அம்மா வைத்த சொதியைப் பற்றியும் தாமிரபரணிக் குளியலைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத வருவதெல்லாம் ஒரு பிசியோதெரபி அறையில் கழிந்த நாற்பது நிமிடங்களும், அங்கே எனக்கு வைத்துவிட்ட ஒரு சிவப்புப் பொட்டும்தான். நெற்றியில் வைக்கவில்லை, கைபேசியின் முதுகில் வைத்தார்கள்.

தாடைத் தசை வலியோடு எனக்கு ஆறு வருடப் பழக்கம். காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் கல்லாக இருக்கும். காதுக்கு முன்னால் விண்விண்ணென்று தெறித்து நெற்றிப்பொட்டு வரை ஏறும். நான் வசிக்கும் கனடாவின் பிராம்ப்டனில் குடும்ப மருத்துவரிடம் போனால், "தாடையா? பல் மருத்துவரைப் பாருங்கள்" என்பார். பல் மருத்துவரோ எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "மூட்டு நன்றாக இருக்கிறது, இது தசை. குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள்" என்பார். பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் ஒன்டாரியோ அரசுக் காப்பீடு கையை விரித்துவிடும். கடைசியில் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் கவசம் ஒன்றை 720 டாலருக்குச் செய்துகொண்டேன். பல் தேய்வதை அது தடுத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். வலி மட்டும் அப்படியே இருந்தது. கவசத்தையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். தசை தளர்த்தும் மாத்திரை போட்டால் மறுநாள் மத்தியானக் கூட்டம் வரை கொட்டாவி வரும். இந்த வலியில் கொட்டாவி விடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

ஊருக்குப் போன இரண்டாம் நாள், கோவில்பட்டி அத்தை கடலை மிட்டாயோடு வந்தார். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது, அதற்குமுன் என் பள்ளிக்காலம் முழுவதையும் வாங்கியிருந்தது. ஆசைக்கு ஒன்றே ஒன்று கடித்தேன். வாய் பூட்டிக்கொண்டது. திறந்தால் ஒரு விரல்தான் உள்ளே போகிறது. அம்மா இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். இதமாக இருந்தது. "எங்கே போனாலும் நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பழகியவன்" என்று தலையையும் தடவினாள். அம்மா வெளிநாட்டு வாழ்க்கையைச் சொன்னாள். நான் என் தாடையை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தம்பி என்னை ஒரு பெரிய பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். சிறுவயதில் எங்களுக்குத் தெரிந்த பல் வைத்தியர், தகரப் பலகையில் பல் செட் படம் வரைந்து தெருப் பார்த்து மாட்டியிருப்பார். இங்கே கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், காபி இயந்திரம். ஒன்பது மணிக்குப் போய் முப்பத்தொன்றாம் டோக்கன் வாங்கினோம். பன்னிரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என் கன்னத்தைத் தொடவே இல்லை. திரையில் எக்ஸ்ரேயைப் பார்த்தார், தம்பி "கனடாவிலிருந்து வந்திருக்கிறான்" என்று சொன்னதைக் கேட்டார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த வாக்கியத்தைத் தம்பி சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு பக்கமும் போடாக்ஸ் ஊசி, லேசர் பத்து முறை, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம் சரியில்லாததால் சில பற்களை ராவிச் சமப்படுத்துவது, எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். "அங்கே ஊசிக்கு மட்டுமே இந்தத் தொகை ஆகும்" என்று சிரித்தார். கணக்கென்னவோ சரிதான். அதே ஊசியை டொரன்டோவிலும் எனக்குச் சொன்னார்கள். தசையைத் தளரவைக்கும், மூன்று நான்கு மாதத்தில் வேகம் இறங்கிவிடும், திரும்பப் போடவேண்டும். ஊசியாவது இறங்கிப் போகும், ராவிய பல் திரும்ப வளருமா? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். யோசிப்பதற்கும் 800 ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள்.

நடுவில் சித்தப்பா ஒரு வர்ம ஆசானிடம் கூட்டிப்போனார். 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் எங்களுடையது. வர்மம் என்றால் இங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆசான் எண்ணெய் தொட்டு, கன்ன எலும்புக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார் பாருங்கள், பூர்வஜென்மம் தெரிந்தது. எழுந்தபோது வாயில் இரண்டு விரல் போயிற்று. வெற்றிலை பாக்கோடு வைத்ததை எண்ணாமல் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை பழையபடி ஒரு விரல்.

ஐந்தாம் நாள்தான் அந்த அறை. வ.உ.சி. மைதானத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், தையல் கடைக்கு மாடியில் இருந்தது. டோக்கன் கிடையாது, வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். முதலில் கையுறை போட்டுக்கொண்டு கன்னத் தசையை வெளியிலிருந்தும் வாய்க்குள்ளிருந்தும் பிடித்துப் பார்த்தார். பிறகு சிறிய அளவுகோலை முன்பற்களுக்கு இடையில் வைத்தார். 28 மில்லிமீட்டர். "நாற்பதாவது இருக்க வேண்டும், சார். உங்கள் மூன்று விரல் நிமிர்ந்து உள்ளே போக வேண்டும்" என்றார். ஆறு வருடத்தில் என் வாயை அளந்த முதல் ஆள் இவர். 720 டாலர் வாங்கியவர் பல்லைத்தான் அளந்தார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்குமா, சார்?"

தொடாமல் எங்கே போகும் என்றேன். வாய் மூடியிருந்தால் பல் சேர்ந்துதானே இருக்கும்.

"இல்லை. உதடு மூடியிருக்கலாம், பல் தொடக்கூடாது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். மற்ற நேரமெல்லாம் அந்தத் தசைக்கு ஓய்வு."

நாற்பத்தாறு வயதில் இது எனக்குச் செய்தி. வாயை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "றன்னகரம் சொல்லுங்கள், சார். டண்ணகரம் இல்லை, றன்னகரம். 'ன்'. இப்போது நாக்கு எங்கே இருக்கிறது? அங்கேயே விட்டுவிடுங்கள். பல் தொடுகிறதா?"

தொடவில்லை. மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் நாக்கு நின்றது, தாடை தானாக இறங்கிக்கொண்டது. மூன்று 'ன'வையும் மாற்றி மாற்றிச் சொன்னதற்காக ஆறாம் வகுப்பில் தமிழ் ஐயா என்னைப் பிரம்பால் விளாசியிருக்கிறார். அவர் எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

அதே நிலையில், நாக்கை அண்ணத்திலிருந்து எடுக்காமல் வாயை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஆறு முறை. தோளையும் கழுத்தையும் பின்னுக்குக் கொண்டுவர இரண்டு பயிற்சிகள். தசையில் முடிச்சாக இருந்த இடங்களை விரலால் அழுத்திப் பிடித்து விட்டார். ஆசானின் கட்டைவிரல் அளவுக்குப் பூர்வஜென்மம் தெரியவில்லை என்றாலும், இடம் அதே இடம்தான். கடைசியாக மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். ஒன்றை உரித்து என் கைபேசியில் ஒட்டினார். "இதைப் பார்க்கும்போதெல்லாம் றன்னகரம். வேலை செய்யும் மேசையிலும் காரிலும் ஒட்டிக்கொள்ளுங்கள்." மீதி அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

கட்டணம் 300 ரூபாய். நான் 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். "ஜிபே இல்லையா, சார்?" என்றார். இங்கேதான் என் பொறுமை போயிற்று. இந்தப் பயணத்தில் இளநீர்க்காரர் முதல் செருப்புத் தைப்பவர் வரை எல்லோரும் கேட்ட கேள்வி இது. கனடா எண்ணை வைத்துக்கொண்டு நான் ஊரில் ஒரு செல்லாக்காசாகத் திரிந்தேன். சில்லறை என்ற பொருளே ஊரைவிட்டுப் போய்விட்டது. கீழே தையல் கடையிலும் இல்லை, எதிரே டீக்கடையிலும் இல்லை. திரும்பி மேலே ஏறினால் அந்தப் பெண், "அடுத்த முறை சேர்த்துக் கொடுங்கள், சார்" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். பெயரும் முகவரியும் கேட்கவில்லை. பிராம்ப்டனில் கடன் அட்டை எண்ணைக் கொடுக்காமல் நேரமே ஒதுக்கமாட்டார்கள். ஒருநாள் முன்னதாகச் சொல்லாமல் வராவிட்டால் முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

நான்கு முறை போனேன். கடைசி நாள் அளவு 37 மில்லிமீட்டர். வலி போய்விட்டது என்று எழுதினால் அது பொய். காலையில் கன்னம் கல்லாக இருப்பதில்லை, மண்ணாக இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு, விமானக் களைப்பில் தூக்கம் வராத ஒரு இரவில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்திருக்கிறது. 153 ஆய்வுகள், 8,713 நோயாளிகள், 59 விதமான சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எழுதியது. சிகிச்சையாளரின் துணையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கழுத்து தோள் பயிற்சி, தசை முடிச்சைக் கையால் அழுத்திவிடுவது, வலியோடு பழகும் விதத்தை மாற்றும் மனநலப் பயிற்சி ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறார்கள். இரவுக் கவசம், போடாக்ஸ், லேசர் மூன்றும் பொதுவாக வேண்டாம் என்ற பக்கத்தில் இருக்கின்றன. பல்லமைப்பையே நிரந்தரமாக மாற்றிவிடும் கவசங்களைக் கூடவே கூடாது என்கிறார்கள். இந்த ஒப்பீட்டை முன்னின்று செய்தவர்கள் ஹாமில்டனில் இருக்கும் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள். என் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். அங்கே எழுதிய வைத்தியம் என்னிடம் வந்துசேர, தையல் கடை மாடிக்கு நான் ஏற வேண்டியிருந்தது. இதற்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்தேன். கைபேசியில் பொட்டு தெரிந்தது. றன்னகரம்.

அலுவலகத்தில் என் திரை விளிம்பில் இருக்கும் சிவப்புப் புள்ளி என்ன என்று மேலாளர் கேட்டார். விளக்கினேன். மறுநாள் அவர் தனக்கும் ஒன்று கேட்டார். அவர் மனைவிக்கும் தாடை வலியாம், அவருக்கும் ஒன்று. இப்படிக் கொடுத்துக் கொடுத்து அட்டை தீர்ந்துவிட்டது. போன சனிக்கிழமை பிராம்ப்டன் கடைகளில் ஏறி இறங்கினேன். சாதாரண சிவப்புப் பொட்டு எங்கும் கிடைக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு வைக்கும், கல் பதித்த, நீர்த்துளி வடிவப் பொட்டுதான் இருக்கிறது, நான்கு டாலர். இப்போது என் கார் ஸ்டீயரிங் முகூர்த்தத்துக்குத் தயாராக நிற்கிறது.