பாஸ்போர்ட் அங்கே, ஓட்டு இங்கே: நான்கு நாடுகளில் வெளிநாட்டுக் குடிமக்களுக்கான வாக்காளர் பதிவுச் சேவை

பிரிட்டன்: உரிமை தாராளம், சேவை சுமார். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்கள் அங்கே காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவோடு வசித்தால் போதும், மாணவர் விசா உட்பட. 18 வயதானால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஆனால் பதிவு செய்வது நம் பொறுப்பு. ஆன்லைன் படிவம் ஐந்து நிமிட வேலைதான்: பெயர், பிறந்த தேதி, முகவரி, குடியுரிமை, என்.ஐ. எண் (தேசியக் காப்பீட்டு எண்). சறுக்குவது பெயரில். பாஸ்போர்ட்டில் விரிவாக இருக்கும் தகப்பன் பெயரைப் படிவத்தில் இனிஷியலாகச் சுருக்கினால் என்.ஐ. பதிவோடு பொருந்தாமல் போகலாம்; அப்போது ஆவணம் கேட்டுக் கடிதம் வரும். விளம்பரத் தபால் என்று அதை ஓரம் வைத்தால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் நள்ளிரவோடு பதிவு முடிந்துவிடும். வீடு மாறினால் மறுபடி முதலிலிருந்து. நாடாளுமன்றத் தேர்தலில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். காமன்வெல்த் பாஸ்போர்ட்டே செல்லும், முகம் ஒத்துப்போனால் காலாவதியானதும் செல்லும். ஐந்துக்கு மூன்றரை.

ஸ்வீடன்: சேவைக்கு முழு மதிப்பெண். படிவமே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நார்வே, ஐஸ்லாந்துக்கும் வெளியிலிருந்து வந்தவர், தேர்தல் நாளுக்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மக்கள்தொகைப் பதிவேட்டில் இருந்திருந்தால் வாக்கு அட்டை தானாக வீட்டுக்கு வரும். தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன் பதிவேட்டில் உள்ள முகவரிதான் கணக்கு. நடுவில் நாட்டை விட்டுப் போவதாகப் பதிந்திருந்தால் மூன்றாண்டுக் கணக்கு அறுந்துவிடும். முன்கூட்டி வாக்களிக்கப் போனால் அட்டையைக் கையில் வைத்திருங்கள், அது இல்லாமல் நடக்காது. 1976 முதல் இந்த ஏற்பாடு உண்டு, ஆனால் உள்ளாட்சிக்கும் மாகாணத்துக்கும் மட்டும்: வெள்ளைச் சீட்டும் நீலச் சீட்டும் உங்களுக்கு, நாடாளுமன்றத்தின் மஞ்சள் சீட்டு பக்கத்தில் நிற்பவருக்கு.

நியூசிலாந்து: உரிமை, சேவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் தேர்வு இதுதான். 1975 முதல் நிரந்தரவாசிகளுக்கு எல்லாத் தேர்தலும் திறந்திருக்கிறது. ரெசிடென்ட் விசாவே போதும், வாழ்நாளில் எப்போதாவது தொடர்ந்து ஓராண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். வேலை விசா, மாணவர் விசா செல்லாது. இதைக் கவனிக்காமல் விண்ணப்பிப்பது வீண். தகுதி வந்தபின் பதிவது கட்டாயம், ஓட்டுப் போடுவது உங்கள் விருப்பம். வேட்பாளராக மட்டும் நிற்க முடியாது.

பெல்ஜியம்: கடைசி இடம். உள்ளாட்சி மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் ஐந்து ஆண்டுகள் இருந்து, நகராட்சியில் தானே விண்ணப்பித்து, அரசியல் சாசனத்தை மதிப்பேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தாரிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்பதில்லை! பிரஸ்ஸல்ஸிலும் தெற்குப் பகுதியான வலோனியாவிலும் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் வாக்களிப்பது கட்டாயம். வேண்டாமென்றால் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.