டிபி6600 டிரைவர்: பழைய மோட்டாருக்குத் தாங்குமா?

பழைய இரும்புக்கடையில் கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கிய மூன்று நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்களை (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றுகிற மோட்டார்) வீட்டில் செய்த சிஎன்சி ரவுட்டரில் (கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் பலகை வெட்டும் மெஷின்) மாட்டி, ஆளுக்கொரு டிபி6600 டிரைவர் (மோட்டாருக்குக் கரண்டை ஸ்டெப் கணக்கில் கொடுக்கும் பெட்டி) போட்டு ஆறு மாதமாக ஓட்டுகிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற டிரைவர், குறை சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதல் விஷயம், பெயரே பாதி பொய். நிஜமான டிபி6600 சிப் ஒரு ஸ்டெப்பை 16 ஆகத்தான் பிரிக்கும். பெட்டியில் 32 என்று அச்சடித்திருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் டிபி67எஸ்109. அதுவும் தோஷிபா சிப்தான், மோசமில்லை. ஆனால் அந்த 32 எனக்கு உதவவில்லை. மோட்டார் சுற்றினால் மெஷினை நகர்த்துகிற என் பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும், ஸ்டெப்பை எட்டாகப் பிரித்தால் மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ் (ஒரு பல்ஸுக்கு ஒரு குட்டி ஸ்டெப்), 32 ஆகப் பிரித்தால் 1280. ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் (மெஷினை இயக்கும் புரோகிராம்) நொடிக்குச் சுமார் 30,000 பல்ஸ்தான் தரும், வேகம் அங்கேயே அடிபட்டுப் போகும். எட்டிலேயே விட்டுவிட்டேன்.

மோட்டார்கள் ஆறு ஒயர் கொண்டவை: உள்ளே இரண்டு சுருள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஒரு நடு ஒயர். கலர் கோடு எதுவும் நம்பும்படி இல்லை, மல்டிமீட்டர்தான் கதி. நடு ஒயரிலிருந்து முனைக்கு 1.2 ஓம், முனைக்கு முனை 2.4 ஓம் காட்டியது. நான் என்ன செய்தேன் என்றால், முழுச் சுருளையும் சேர்த்தால் பலம் கூடும் என்று நடு ஒயரை விட்டுவிட்டு இரண்டு முனைகளில் கொடுத்தேன். கையால் பிடித்து நிறுத்த முடியாத பலம், உண்மை. ஆனால் நிமிடத்துக்கு 1500 மில்லிமீட்டரைத் தொட்டதும் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. முழுச் சுருள் என்றால் இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று ஏறவிடாமல் சுருள் தடுக்கும் குணம்) பாதிச் சுருளைப் போல நான்கு மடங்கு, 24 வோல்ட் சப்ளையால் அந்த வேகத்தில் கரண்டை உள்ளே தள்ள முடியவில்லை. இந்த மடத்தனத்துக்கு டிரைவரைத் திட்டியது என் தப்பு.

அப்புறம் நடு ஒயரும் ஒரு முனையும் மட்டும் கொடுத்து, மிச்ச முனைக்கு டேப் சுற்றி, சப்ளையை 36 வோல்ட்டாக மாற்றினேன். 2400 வரை சத்தமில்லாமல் போனது. இங்கேதான் டிபி6600 வியர்க்க ஆரம்பித்தது: மோட்டார் லேபிளில் 3 ஆம்ப் என்று இருக்கிறதே என்று அதே அளவு வைத்தேன், அரை மணியில் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. 2.8க்கு இறக்கி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பக்கத்தில் வைத்த பிறகு பிரச்சினை இல்லை.

ஸ்டெப் தவறுகிறதா என்று பார்க்க நான் எம்டிஎஃப் பலகையில் சிக்குக் கோலம் வெட்டுவேன். ஒரே கோடு, சுற்றிச் சுற்றி வந்து ஆரம்பித்த புள்ளியிலேயே சேர வேண்டும். ஆக்சிலரேஷன் 500இல் வைத்தபோது கடைசி வளைவு அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது, 250க்கு இறக்கியதும் ஒட்டிக்கொண்டது. நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வாங்கும் வரை இதுதான் என் அளவுகோல்.

இவ்வளவு செய்தும் நீளமான எக்ஸ் அச்சில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மோட்டார் உறுமி, நடுங்கி, சில சமயம் நின்றும் போனது. இதுதான் ரெசனன்ஸ், மோட்டாரின் ஸ்டெப் அதிர்வு அதன் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய்ப் பெருகுவது. அந்த ஒரு அச்சுக்கு மட்டும் டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவர் போட்டேன், விலை இரண்டு மடங்குக்கு மேல். அதே மோட்டார், அதே 36 வோல்ட், உறுமல் போயே போச்சு. சிறிய நீமா 17 மோட்டார் என்றால் டிபி6600 தாராளமாகப் போதும், வாங்கலாம். பெரிய பழைய மோட்டார் என்றால் முதலிலேயே டிஎம்542 வாங்கிவிடுங்கள்.

ஒய், இசட் இரண்டிலும் இன்னும் டிபி6600தான். ஃபேன் மட்டும் மதியத்தில் கொஞ்சம் முனகுகிறது.