தனுஷ்கோடி அந்தி: கிராஜுவேட்டட் ஃபில்டரா, பிராக்கெட்டிங்கா?

சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது வானம் ஈரமணலைவிட மூன்று, நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) பளிச்சென்று இருக்கும். ஒரே ஃப்ரேமில் இரண்டும் அடங்காது. வழி இரண்டு: மேல்பாதி மட்டும் கருத்திருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர், அல்லது வெவ்வேறு வெளிச்ச அளவில் சில ஃப்ரேம்கள் எடுத்து இணைக்கும் பிராக்கெட்டிங்.

ஆண்கடல் என்று ஊரார் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஃபில்டர்தான் சரி. பிராக்கெட்டிங்கில் அலை ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். இணைத்தால் நுரை இரட்டிப்பாகும். 3 ஸ்டாப் சாஃப்ட் ஃபில்டர் (கருமை படிப்படியாக மறைவது), ஐஎஸ்ஓ 100, எஃப் 11, அரை நொடி. அலை பின்வாங்கும்போது அழுத்தினால் நுரைக்கோடுகள் சூரியனை நோக்கி ஓடும். டிரைபாட் காலை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றுங்கள்; இல்லையென்றால் அடுத்த அலையில் இறங்கிவிடும். உப்புத்துளி ஃபில்டரில் காய்ந்தால் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள், வறண்ட துணி கீறும்.

1964 புயலில் சிதைந்த தேவாலயத்துக்கு அதே ஃபில்டர் ஆகாது. அடிவானத்துக்கு மேலே நிற்கும் சுவரையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அங்கே பிராக்கெட்டிங்தான்: ரா (RAW) ஃபார்மேட்டில் -2, 0, +2 ஸ்டாப் என மூன்று ஃப்ரேம்; ஷட்டரை மட்டும் மாற்றுங்கள், அப்பர்ச்சரைத் தொட்டால் ஃபோகஸ் ஆழம் மாறும். இணைத்தபின் எடிட்டிங்கில் ஷேடோஸை (இருண்ட பகுதிகளை) முழுக்க ஏற்றினால் சுவரோரம் வெள்ளை வளையம் விழும். நிழலுருவமே போதுமென்றால் இரண்டும் வேண்டாம்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வது) ஆரஞ்சை மங்கவைக்கும், 'கிளவுடி' வையுங்கள்.