கோலாலம்பூர் வலி சிகிச்சை டாக்டர்: நான்கு முறை போயும் என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை

நட்சத்திரம்: ஒன்று. அதுவும் மிஸ்ஸிகளுக்காக (நர்சுகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்).

நான் செந்தூலில் குடியிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் 27 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். வலது காலில்தான் பெடல். போன தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இடுப்பில் தொடங்கிய வலி பிட்டம், தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று இறங்கிப் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வது போல இழுத்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடுப்பு முதுகெலும்பில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வலி சிகிச்சை டாக்டரிடம் போனேன். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். உள்ளே இருந்தது ஆறு நிமிடம். வெளியே மிஸ்ஸி மரியாதையாகத்தான் நடத்தினார். 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்டு, நான் 8 என்றதும் அதை எழுதிக்கொண்டார். சர்க்கரை வியாதி இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். "சர்க்கரை, 9 வருடம், மெட்பார்மின்" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கணினித் திரையில் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கேடிஎம் ரயில் ஸ்டேஷன் படியில் ஏறும்போது வலது கால் செருப்பு முனை தட்டுகிறது, சில சமயம் செருப்பு கழன்றே போகிறது என்றேன். "நரம்பு வலி என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மாத்திரை 75 மில்லிகிராம், காலையும் இரவும் என்று எழுதினார். மயக்கம் வரும், பார்வை இரட்டையாகத் தெரியலாம், கால் வீங்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காவது நாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பச்சைப் பட்டில் கைக்குழி வெட்ட உட்கார்ந்தேன். சாக்கால் போட்ட ஒரு கோடு எனக்கு இரண்டாகத் தெரிந்தது. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தத் துணியை வேறு ஒரு அக்காவிடம் கொடுத்துத்தான் வெட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் டாக்டரிடமே சொல்லுங்கள்" என்றார்கள். அது மூன்று வாரம் கழித்து. அப்போதும் சொன்னேன். வலி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, மாத்திரையை 150 ஆக ஏற்றினார்.

அப்புறம் கணுக்கால் வீங்கிவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். வீட்டுப் பக்கத்து மருந்துக் கடைப் பெண்தான், "ஆன்ட்டி, திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்" என்றாள். டாக்டர் சொல்ல வேண்டியதை மருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது முறை முதுகில் ஸ்டீராய்டு ஊசி. எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே போடும் ஊசி, ஒருநாள் அனுமதி, பில் 4,860 வெள்ளி (ரிங்கிட்). மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, பாதிதான் கட்டியது. ஊசியைக் குறை சொல்ல மாட்டேன். சரியாகத்தான் போட்டார்கள், மூன்று வாரம் வலி குறைந்தது, அப்புறம் திரும்பி வந்தது. சிலருக்கு அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் கோபம் வேறு. ஸ்டீராய்டு ஏறினால் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி தாகம் தாங்காமல் எழுந்து விரலில் குத்திப் பார்த்தேன்: 18.6 மில்லிமோல். எனக்கு வழக்கமாக 7, 8 தான் இருக்கும். விடியும் வரை நானும் மகளும் தூங்கவில்லை. செந்தூல் கிளினிக் டாக்டர்தான் மருந்தை மாற்றி ஒரு வாரம் பார்த்துக்கொண்டார்.

நான்காவது முறை இதைக் கேட்டபோது வலி சிகிச்சை டாக்டர் சொன்ன பதில்: "சர்க்கரை என் டிபார்ட்மென்ட் இல்லை." நான் எழுதிக் கொடுத்த தாள் அவர் மேசையில் இருந்த பைலுக்குள்தான் இருந்தது. ஊசி போட்டவர் அவர்தான். அதனால் ஏறிய சர்க்கரை எப்படி வேறு ஒருவருடைய வேலையாகும்?

அன்றோடு நிறுத்திவிட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிப் போனேன். முறை வர இரண்டு மாதம் ஆனது. முதல் தடவை 30 வெள்ளி கட்டினேன். அங்கே இருந்த இளம் டாக்டர் முதலில் சொன்னது, "செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து காட்டுங்கள் அம்மா." குதிகாலில் நடக்கச் சொன்னார். இடது காலில் முடிந்தது. வலது காலில் விரல்கள் மேலே தூக்கவே இல்லை, பாதம் தொப்பென்று தரையில் விழுந்தது. "இது எப்போதிலிருந்து?" என்று கேட்டார். செருப்புக் கதையைச் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை, குனிந்து என் பெருவிரலைப் பிடித்து, "என் கையைத் தள்ளுங்கள்" என்றார். தள்ள முடியவில்லை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு வர வேண்டும் என்றும் அவர்தான் முதன்முதலில் சொன்னார். நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2008-லிருந்தே வலியையும் நாடி, ரத்த அழுத்தம் போல ஐந்தாவது அறிகுறியாகக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் மிஸ்ஸி 8 என்று குறித்துத்தான் வைத்தார். அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

பழைய ஆஸ்பத்திரியில் 100 வெள்ளி கட்டி மெடிக்கல் ரிப்போர்ட் வாங்கினேன். "கால் தூக்கிப் பார்த்ததில் 60 டிகிரி, தசை பலம் இயல்பு" என்று எழுதியிருக்கிறது. யார் காலைத் தூக்கிப் பார்த்தார்கள்? மகள் நான்கு முறையும் என்னோடு அறைக்குள் இருந்தாள். என் காலைப் பார்க்க அந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.

1998-ஆம் ஆண்டு சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரிகளில் நோயாளி புகாரை விசாரிக்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். அதில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். மலேசிய மருத்துவ மன்றத்துக்கும் கடிதம் எழுதி வைத்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பார்க்காத காலைப் பார்த்ததாக எழுதிய அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும். நாளைக்கு வேறு டாக்டர் அதைப் படித்துவிட்டு என் காலில் பலம் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

இப்போது வாரம் இரண்டு நாள் பிசியோவுக்குப் போகிறேன். போன வாரம் வலது பெருவிரல் கொஞ்சம் தூக்கியது. பெடலை இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். புகார் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.