ஜப்பானில் ‘ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன்’ என்பவரிடம் மாட்டிக்கொண்ட கதை

டோக்கியோ நிஷிகசாயில் இருக்கும் நம்மவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். நான் ஏமாந்ததில் என் பேராசைக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

2024 ஜனவரியில் வாட்ஸப் குழு வழியாக ஒருவர் அறிமுகமானார். “பிரதர், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை டிபென்டன்ட்டாகக் காட்டினால் போன வருட வரி திரும்ப வரும். வருவதில் 20 சதவீதம் எனக்கு” என்றார். அலுவலகத்தில் நென்மாட்சு சோசேயின்போது (ஆண்டு இறுதியில் நிறுவனமே நம் வரிக்கணக்கைச் சரிசெய்வது) நான் பெற்றோரைச் சேர்க்கவில்லை. சரி என்று மைநம்பர் கார்டையும் (இங்குள்ள அரசு அடையாள அட்டை) அதன் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்பா, அம்மாவோடு நிற்காமல் மாமனார், மாமியாரையும் சேர்த்தார். வருமானத்தில் தலைக்கு 38 மான் (ஒரு மான் 10,000; அதாவது 3,80,000 யென்) கழிவு. 20 சதவீத வரி விகிதத்தில் எனக்கு 3,10,000 யென் வந்தது. அதில் 62,000 அவருக்குப் போனது. வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: “எங்கப்பாவுக்கு நாம எப்போங்க பணம் அனுப்பினோம்?”

மனைவிக்கு உறைத்தது எனக்கு உறைக்கவில்லை. வரி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபிறகுதான் உறைத்தது.

2023ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து விதி மாறிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயதுக்குட்பட்ட உறவினரைக் காட்ட வேண்டுமென்றால், அவர் மாற்றுத்திறனாளியாகவோ படிப்புக்காக வெளிநாடு போனவராகவோ இல்லாதபட்சத்தில், அந்த ஆண்டில் அவருக்கு 38 மானாவது அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக, ரசீதோடு. நான் மாதம் 40,000 யென் அனுப்பியதெல்லாம் அப்பா கணக்குக்கு மட்டும். “வீட்டுக்குத்தானே அனுப்புகிறேன், அம்மாவும் அதில்தானே சாப்பிடுகிறார்” என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆக அப்பா மட்டும் தேறினார். இணையத்தில் பதிவான படிவத்தை அன்றுதான் திறந்து பார்த்தேன். நான்கு பேருக்கும் 38 மானுக்கு மேல் அனுப்பியதாக அந்த ஆள் குறித்திருந்தார்!

மற்ற மூவருக்கான கழிவுக்காக 2,32,000 யென்னுக்கு மேல் திருப்பிக் கட்டினேன். தாமத வரி தனி. குடியிருப்பு வரியிலும் 99,000 ஏறியது. விசாரணை அறிவிப்பு வருவதற்கு முன்பே திருத்தக் கணக்கைக் கொடுத்ததால் அபராத வரி மட்டும் தப்பியது.

இன்னொரு கூத்து ஃபுருசாதோ நோஜெய், அதாவது ஊர்களுக்கு நன்கொடை கொடுத்து வரியில் கழித்துக்கொள்ளும் திட்டம். நான்கு ஊர்களுக்கு 60,000 யென் கொடுத்து, வரிக்கணக்கு தாக்கல் செய்யாமலே அந்தக் கழிவைப் பெறுவதற்கான ஒன்-ஸ்டாப் படிவமும் அனுப்பியிருந்தேன். காகுதே ஷின்கோகு (நாமே கொடுக்கும் ஆண்டு வரிக்கணக்கு) தாக்கல் செய்தாலே ஒன்-ஸ்டாப் செல்லாது. நன்கொடையையும் அதிலேயே காட்ட வேண்டும். அவர் காட்டவில்லை. ஜூனில் வந்த குடியிருப்பு வரித் தாளில் அந்தக் கழிவே இல்லை. நான் அதைக்கூடக் கவனிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன். நல்லவேளை, திருத்தக் கணக்கில் சேர்க்க முடிந்தது.

அந்த மனிதர் ஜெய்ரிஷியே (உரிமம் பெற்ற வரி நிபுணர்) இல்லை. பதிவுபெற்ற ஜெய்ரிஷி தவிர வேறு யாரும், காசு வாங்காவிட்டாலும், அடுத்தவருக்கு வரிக்கணக்கு போட்டுத் தரக்கூடாது என்பது இங்கே சட்டம். ஜெய்ரிஷிகள் சம்மேளனத்தின் தளத்தில் பெயரைத் தேடினாலே தெரிந்திருக்கும்; இரண்டு நிமிட வேலை. 62,000 யென்னைக் கேட்டேன், என்னை பிளாக் செய்துவிட்டார். படிவம் என் கார்டில் நானே தாக்கல் செய்ததாகத்தான் பதிவாகியிருக்கிறது, அவர் பெயர் எங்கும் இல்லை.

இப்போது அம்மா பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, அதற்கு மாதம் 32,000 அனுப்புகிறேன். “எதுக்குப்பா ரெண்டு தடவை கமிஷன் அழுகிறே?” என்று அப்பா மாதாமாதம் கேட்கிறார்.